இன்ஜினுக்கு மூச்சு சொல்லிக் கொடுத்த கணக்கு வாத்தியார்



ஞாயிற்றுக்கிழமை காலையில ஈ.சி.ஆர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற ரோட்டுல ஏதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சர்ருன்னு நம்மைக் கடந்து போகும். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பேச்சே அதுதான். சூப்பர்சார்ஜர் மாட்டினா எத்தனை ஹெச்பி ஏறும்? எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்? நம்ம எல்லாருக்கும் முதல்ல வர்ற கேள்வி இந்த பூஸ்ட்தான்.

அது முதல் கேள்வியே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவரின் கதை இது. அவர் பெயர் ஸ்டான்லி ஹுக்கர். அவர் வேலை செய்தது காரில் இல்லை, போர் விமானத்தில். ஆனால் அதுவும் பெட்ரோல் இன்ஜின்தான். சிலிண்டர், பிஸ்டன், சூப்பர்சார்ஜர் எல்லாம் அதேதான். காற்றுக்கு அது காரா விமானமா என்று தெரியாது, பாருங்க!

ஹுக்கர் 1907-ல் இங்கிலாந்தின் ஷீர்னெஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தார். படித்தது கணிதம். லண்டன் இம்பீரியல் கல்லூரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. 1935-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஸ்பேனர் பிடித்து வளர்ந்த ஆள் இல்லை. 1938 ஜனவரியில் டெர்பி நகரில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். நீ பெரிய இன்ஜினியர் ஒன்றும் இல்லை என்பதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். பல வருஷம் கழித்து ஹுக்கர் தன் சுயசரிதைக்கு அதையே தலைப்பாக வைத்தார்.

வேலையில் சேர்ந்ததும் அவருக்கு ஒரு அறை கொடுத்தார்கள், வேலை எதுவும் கொடுக்கவில்லை. நம்ம ஆளு சும்மா உட்காரவில்லை. பக்கத்தில் சூப்பர்சார்ஜர் சோதிக்கும் இடத்துக்குப் போய், அவர்கள் எடுத்து வைத்திருந்த அளவீடுகளை வாங்கி வந்து கணக்குப் போட ஆரம்பித்தார்.

அப்போது அங்கே இருந்தது மெர்லின் இன்ஜின். 12 சிலிண்டர், 27 லிட்டர். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உயிரே அதுதான். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். மூச்சு முட்டும் இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுப்பதுதான் சூப்பர்சார்ஜரின் வேலை. அதைச் சுற்றும் சக்தியும் அதே இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும். அந்த சூப்பர்சார்ஜர் வாங்கிக்கொள்ளும் சக்திக்கு ஏற்ற வேலையைச் செய்யவில்லை என்பதை ஹுக்கரின் கணக்கு காட்டியது. இம்பெல்லரிலும் அதைச் சுற்றியுள்ள டிஃபியூசரிலும் திருத்த வேண்டியது நிறைய இருந்தது. காற்று உள்ளே வரும் இன்டேக் குழாய் அதைவிட மோசம். இன்ஜின் நீளத்தைக் குறைப்பதற்காக அதை நசுக்கி வளைத்து வைத்திருந்தார்கள். வாசலிலேயே காற்றின் மூச்சு நின்றுவிட்டால் உள்ளே எவ்வளவு வேகமாகச் சுற்றி என்ன பயன்?

விளைவு? இன்ஜினியர் இல்லாத அந்த மனுஷனிடமே சூப்பர்சார்ஜர் பிரிவை ஒப்படைத்தார்கள்! இன்டேக் குழாயைத் திருத்திய மெர்லின் இன்ஜின்கள் 1940-41-ல் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் ஏறின.

ஆனால் 1941 செப்டம்பரில் நிலைமை தலைகீழானது. ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 வந்து இறங்கியது. வடிவமைத்தவர் குர்ட் டாங்க். (இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.) அன்றைய ஸ்பிட்ஃபயரால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பிரிட்டிஷ் விமானிகள் வரிசையாக விழுந்தார்கள். பலருக்கு வயசு நம்ம ஃபைனல் இயர் பசங்க வயசுதான். ஹுக்கரின் கணக்கில் ஒரு தசமம் தப்பினால், அங்கே ஒரு ஆள் வீடு திரும்பமாட்டான்.

ஹுக்கரின் குழு அதற்குள் ஒரு பாம்பர் விமானத்துக்காக இரண்டு கட்ட சூப்பர்சார்ஜரைத் தயாரித்து வைத்திருந்தது. ஒரு இம்பெல்லர் அழுத்திய காற்றை இரண்டாவது இம்பெல்லர் மறுபடி அழுத்தும். அதை ஸ்பிட்ஃபயரில் வைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. அதில் ஒரே ஒரு வில்லன், சூடு. காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பீங்களே, அதே கதைதான். சூடான காற்று விரியும், அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். கூடவே பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டன் போய்விடும். அதனால் இரண்டாவது கட்டத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் திரவத்தால் குளிரும் இன்டர்கூலரை வைத்தார்கள். அதுதான் மெர்லின் 61. 30,000 அடி உயரத்தில் முந்தைய மெர்லின் 45-ஐ விட ஏறக்குறைய 300 குதிரைத்திறன் அதிகம். இன்ஜின் அதே 27 லிட்டர்தான்! 1942 ஜூலையில் இந்த இன்ஜினோடு ஸ்பிட்ஃபயர் 9 போருக்கு வந்தது. ஃபோக்-வுல்ஃபுக்குச் சரியான ஜோடி கிடைத்தது. இதே குடும்ப இன்ஜின் கொண்ட ஸ்பிட்ஃபயர் 8-ஐ அன்றைய இந்திய விமானப்படையும் ஓட்டியது.

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். மே மாதம், செங்கல்பட்டு, வெளியே 40 டிகிரி. ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தும் சூப்பர்சார்ஜர் மாட்டுகிறோம். கெல்வினில் 313. அழுத்த விகிதம் 1.5-ஐ 0.286 அடுக்குக்கு உயர்த்தினால் 1.123. அதாவது நஷ்டமே இல்லாத கம்ப்ரசரிலும் 38 டிகிரி ஏறும். கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால் 55 டிகிரி. ஆக, வெளியே வரும் காற்று 95 டிகிரி!

அழுத்தம் 50 சதவீதம் ஏறியது. காற்று எவ்வளவு ஏறியது? 28 சதவீதம்தான். மீதியைச் சூடு தின்றுவிட்டது. இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் (அதன் உள்ளே இழக்கும் சிறிய அழுத்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்) அதே பூஸ்டில் 43 சதவீதம். இன்னொன்று. ஏர் ஃபில்டரைப் பானெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டில் வைத்து 60 டிகிரிக் காற்றை இழுத்தால், எடுத்த எடுப்பிலேயே 6 சதவீதம் போச்சு. வெளிக்காற்று வரும் இடத்தில் வைத்தால் அது இலவசமாகத் திரும்பக் கிடைக்கும். இப்போ சொல்லுங்க, முதல் கேள்வி பூஸ்டா, டெம்பரேச்சரா?

ஹுக்கரின் வாழ்க்கை மெர்லினோடு முடியவில்லை. சூப்பர்சார்ஜரில் கற்ற கம்ப்ரசர் அறிவோடு ஜெட் இன்ஜினுக்குப் போனார். டெர்வென்ட், நீன் வந்தன. ஹைவ்ஸோடு மனக்கசப்பு ஏற்பட்டு 1949-ல் பிரிஸ்டல் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே உருவானது ஆர்ஃபியஸ் என்ற எடை குறைந்த ஜெட் இன்ஜின். 1965 போரில் பெயர் வாங்கிய நம்ம நாட் விமானத்தின் இன்ஜின் அதுதான்.

இப்போ அந்தப் பெயர். போருக்குப் பிறகு குர்ட் டாங்க் இந்தியா வந்து, பெங்களூரு ஹெச்.ஏ.எல்-லில் மாருத் விமானத்தை வடிவமைத்தார். அது முதலில் பறந்தது 1961 ஜூனில். அதற்குள் இருந்த இன்ஜின்? ஹுக்கரின் ஆர்ஃபியஸ்! வானத்தில் மோதிய இரண்டு மூளைகள் நம்ம நாட்டு விமானம் ஒன்றில் சேர்ந்தன. ஆனால் மாருத்துக்குத் தேவைப்பட்ட சக்திவாய்ந்த ஆர்ஃபியஸை உருவாக்கப் பணம் போட யாரும் முன்வரவில்லை. ஒலியை மிஞ்ச வடிவமைத்த உடம்பு, மூச்சுப் பத்தாமல் கடைசி வரை ஒலி வேகத்துக்குக் கீழேயே பறந்தது. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் அது நன்றாகவே உழைத்தது, அது வேறு விஷயம்.

பிறகு நம் கடற்படையின் சீ ஹாரியரில் இருந்த பெகசஸ், கான்கார்டின் ஒலிம்பஸ் என்று ஹுக்கரின் பட்டியல் நீளும். 1971 பிப்ரவரியில் ஆர்.பி. 211 இன்ஜினால் ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானபோது, ஓய்வில் இருந்தவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார், இன்ஜினைச் சரிசெய்தார். 1974-ல் சர் பட்டம். 1984 மே மாதம் மறைந்தார்.

தெர்மோ பேப்பர் எதுக்குடா என்று புலம்பும் நண்பர்களே, அந்த 0.286 அதே சிலபஸில்தான் இருக்கிறது. உங்கள் கனவுக் காரின் பூஸ்டைப் போட்டு, நாளைக்கு மதியம் செங்கல்பட்டு வெப்பநிலையையும் போட்டு, ஒருமுறை கணக்குப் பண்ணிப் பாருங்க. விடை வந்த பிறகு சூப்பர்சார்ஜர் விலையை விசாரிக்கலாம். முதலில் இன்டர்கூலர் விலையைத்தான் விசாரிப்பீங்கன்னு நினைக்கிறேன்!