வளர்த்து அனுப்பினவர்கள்



டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறியாத விசுவாசிகள் நம்மில் அநேகமாய் இருக்கமாட்டார்கள். பிள்ளைகளை மீட்டெடுத்த அவர்களுடைய ஊழியத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனா அந்த அம்மாவை உருவாக்கின இரண்டு தேவமனுஷர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுறதில்லை.

அயர்லாந்து தேசத்திலே மில்லைல் என்ற கடலோர கிராமத்தில் 1867 டிசம்பர் 16-ல் ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 17 வயதில் தகப்பனை இழந்தார். பெல்பாஸ்ட் பட்டணத்தில், தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போட்டுவந்த மில் வேலைக்காரப் பெண்கள் நடுவில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் கர்த்தர் ராபர்ட் வில்சன் என்ற பெரியவரைச் சந்திக்க வைத்தார்.

வில்சன், கெஸ்விக் கன்வென்ஷன் கூட்டங்களைத் தொடங்கின இருவரில் ஒருவர். மனைவியும் போய், ஒரே மகளும் போய், மனம் உடைந்திருந்தவர். 1890-ல் ஏமி அவர் வீட்டிலேயே ஒரு மகளாக வந்து தங்கினார். வீட்டிலிருந்த அவருடைய இரண்டு குமாரர்களுக்கு இது அவ்வளவாய்ப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெரியவர் விடவில்லை. ஏமி தன் பெயரோடு வில்சன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். ஊழியக்காரர் வந்துபோகிற வீடு அது. எலிசா எலியாவின் கைக்குத் தண்ணீர் வார்த்தான் என்று வாசிக்கிறோமே, அப்படிக் கூடவே இருந்து கற்றுக்கொண்ட காலம். பைபிள் காலேஜில் நாங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதினது பாதி மறந்துபோச்சு. ஒரு பரிசுத்தவானோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுக் கற்றது மறக்காது.

1892 ஜனவரியில், புறப்பட்டுப் போ என்ற அழைப்பு ஏமிக்கு வந்தது. யோசித்துப் பாருங்கள். முதிர்வயதில் கர்த்தர் கொடுத்த மகள்! வில்சனுக்கு உள்ளம் பிளந்தது, ஆனாலும் தடுக்கவில்லை. 1893-ல் ஏமி ஜப்பானுக்குப் போனார். 15 மாதத்தில் சரீரம் பலவீனப்பட்டு, சிலோனுக்கு வந்து ஊழியம் செய்யும்போது பெரியவருக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்தது. ஓடோடி வீடு சேர்ந்தார். அவர் ஓரளவு சுகமானார். இனியாவது மகள் என்னோடிருக்கட்டும் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் 1895-ல் இந்தியாவுக்கு இரண்டாம் தரமும் அனுப்பிக்கொடுத்தார். வளர்த்த வாலிபனைத் தங்கள் சபைத் தூணிலேயே கட்டிவைக்கிற மேய்ப்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். 1905-ல் வில்சன் மரித்தார். அந்த இருவரும் பூமியில் மறுபடி முகம் பார்க்கவேயில்லை.

பெங்களூர் வந்திறங்கின ஏமிக்குத் தமிழ் நாவில் ஏறவில்லை. 1896-ல் ஊட்டியில் தாமஸ் வாக்கர் ஐயரைச் சந்தித்தார். திருநெல்வேலி மிஷனெரி, தமிழில் தேர்ந்தவர், கண்டிப்பானவர். இங்கே இருந்தால் தமிழ் வராது, திருநெல்வேலிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஏமி கீழ்ப்படிந்தார். ஐயரும் அவர் மனைவியும் வீட்டில் இடம் கொடுத்து, பாஷையைப் படிப்பித்தார்கள். பண்ணைவிளையிலிருந்து மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாய்ப் போன பெண்கள் குழுவுக்கு ஐயர்தான் துணை. பொன்னம்மாள் என்ற விதவைச் சகோதரி அந்தக் குழுவில் ஏமியின் வலதுகையாக எழும்பினார். டோனாவூருக்குப் போனதும்கூட, அங்கே இறையியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஐயர் போனதினாலே. 1901 மார்ச்சில் கோயிலிலிருந்து தப்பி வந்த ப்ரீனா என்ற சிறுமி ஏமியின் மடிக்கு வந்தாள். பிள்ளைகள் பெருகப் பெருக எதிர்ப்பும் பெருகியது. ஐயர் பக்கத்தில் நின்றார்.

1912 ஆகஸ்ட் 24. மசூலிப்பட்டணத்தில் கூட்டங்கள் நடத்தப் போன வாக்கர் ஐயர் அங்கேயே திடீரென்று மரித்தார். மனைவியோ இங்கிலாந்தில். செய்தி டோனாவூருக்கு வந்தபோது ஏமிக்கு 44 வயது. கேட்பதற்கு ஆள் இல்லை, சாய்வதற்குத் தோள் இல்லை. 1915-ல் பொன்னம்மாளும் புற்றுநோயால் மரித்தார். அம்மா ஐயரின் சரித்திரத்தை ஒரு புத்தகமாக எழுதி முடித்தார். பிறகு, யாரிடம் போய்க் கேட்பது என்று வந்த வாலிப ஊழியர்களுக்கெல்லாம் அவரே ஆள் ஆனார்.

1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்ததிலிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் அறையிலும் படுக்கையிலுமாகவே கழிந்தது. ஊழியருக்குச் சின்னச் சின்ன கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். 1951 ஜனவரி 18-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டியைப் பிள்ளைகள் அங்கே வைத்து, அம்மை என்று மட்டும் பொறித்தார்கள்.