தாய்நாடு துறந்த ஜோசப் பிரீஸ்ட்லி

தேசத்து அரசியலைக் கண்டு மனங்கசந்து, இனி இந்நாட்டில் இருந்து பயனில்லை, வேறு நாடு புகுவதே நன்று என்று உரைக்கும் வாலிபர்கள் நம் சங்கக் குடும்பங்களில் இக்காலத்தும் உளர். பிழைப்பை நாடி இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்றோர் வரலாற்றை நம் முன்னோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். அது வயிற்றின் பொருட்டுச் சென்ற செலவு. மனக்கசப்பின் பொருட்டுச் செல்லும் செலவு வேறு வகைத்து. அதன் மெய்ந்நிலையை அறிய விரும்புவோர்க்கு ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞரின் சரித்திரம் பெரிதும் உதவும். பிராணவாயுவைக் கண்டவர் என்று பாடசாலைச் சிறுவரும் அவர் பெயரை அறிவர். அவர் 61 வயது நிரம்பிய பின் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறிய கதையை அறிந்தோர் சிலரே.

பிரீஸ்ட்லி 1733-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் பர்ஸ்டால் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய பிதா கம்பளித் துணிக்கு மெருகிட்டு முடிக்கும் தொழிலினர். தறியும் பாவும் அறிந்த நம் மரபினர்க்கு இச்செய்தி உவகை தருமாதலின் இங்குக் குறித்தோம். இளமையிலேயே தாயை இழந்து, அத்தையார் இல்லத்தில் வளர்ந்தார். பேச்சிலே திக்கல் உண்டு. எனினும் சமயப் பிரசங்கம் புரியும் தொழிலையே மேற்கொண்டார்.

அவர் பிறந்த வகுப்பின் நிலையை அறியாதார்க்கு அவர் வாழ்வு விளங்காது. இங்கிலாந்தில் அரசாங்கத் திருச்சபை ஒன்று உண்டு. அச்சபையை ஒப்பாத கிறிஸ்தவர்களை டிஸ்ஸெண்டர் என்று அழைத்தனர். 1661, 1673 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பெற்ற இரண்டு சட்டங்கள், அரசாங்கச் சபையின் முறைப்படி நற்கருணை பெறாதார் நகராண்மையிலும் ராஜாங்க உத்தியோகத்திலும் அமர்தலாகாதென விதித்தன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் பட்டமும் அவர்கட்குக் கிட்டாது. ஒரு வகுப்பிற் பிறந்த காரணத்தாலேயே உத்தியோகக் கதவு அடைபடும் வேதனையை நம் சங்கத்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வகுப்பினர் பலர் வியாபாரத்திலும் கைத்தொழிலிலும் இறங்கிப் பொருளீட்டினர். தமக்கென வித்தியாசாலைகள் நிறுவினர். பிரீஸ்ட்லி கற்றதும் அத்தகைய வித்தியாசாலையிலே. பிற்காலத்தில் வாரிங்டனில் ஆசிரியராயிருந்து போதித்ததும் அத்தகையதோர் இடத்திலே.

அவருடைய சாஸ்திர ஆராய்ச்சிகளைச் சுருக்கமாகவே கூறுகின்றோம். லீட்ஸ் நகரில் மதுக் காய்ச்சும் சாலையொன்றின் பக்கத்தே குடியிருந்தபோது, அங்கே எழும் வாயுவை ஆராய்ந்து, அதனைத் தண்ணீரிற் கலக்கும் முறையை 1772-இல் வெளியிட்டார். இன்று நாம் அருந்தும் சோடாவின் பிறப்பு இதுவே. ஷெல்பர்ன் பிரபுவின் ஆதரவில் இருந்தபோது, 1774 ஆகஸ்டு 1-ஆம் தேதி, பாதரசச் செந்தூளைக் கண்ணாடிவில்லையால் சூரியவெப்பம் குவித்துச் சுட்டுப் பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார். 1780-இல் பர்மிங்காம் நகர்ச் சபையொன்றின் பிரசங்கியாராய் அமர்ந்தார். நீராவி யந்திரத்தைத் திருத்திய வாட், பீங்கான் தொழில் செய்த வெட்ஜ்வுட், மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் முதலியோர் கூடிய சந்திரசங்கத்தில் அவரும் ஒருவரானார். இரவில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டிப் பௌர்ணமியை ஒட்டிக் கூடினமையால் அச்சங்கத்திற்கு அப்பெயர்.

மேற்கூறிய சட்டங்களை நீக்குமாறு 1787, 1789, 1790 ஆகிய ஆண்டுகளிற் பார்லிமெண்டில் மும்முறை பிரேரணை வந்தது. மும்முறையும் தோற்றது. கடைசி முறை 105 பேர் ஆதரிக்க, 294 பேர் எதிர்த்தனர். முந்திய ஆண்டைவிடத் தோல்வி பெரிதாயிற்று. பிரெஞ்சுப் புரட்சி மூண்டபின் மேலோர் எல்லாரும் அஞ்சியிருந்தனர். பிரீஸ்ட்லி அவ்வச்சத்தை வளர்த்தாரேயன்றித் தணித்தாரில்லை. பழைய மூடநம்பிக்கை என்னும் கட்டடத்தின் கீழ்த் தாமும் தம்மவரும் வெடிமருந்தை மணிமணியாக இட்டுவருவதாக 1785-இலேயே எழுதியிருந்தார். அறிவின் வன்மையை உணர்த்தவே அவ்வாறு எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பகைவர் கையில் தாமே ஆயுதம் கொடுத்தார் என்பதே நம் கருத்து. அதுமுதல் அவருக்கு வெடிமருந்து ஜோ என்ற பட்டப்பெயர் நிலைத்தது.

1791 ஜூலை 14-ஆம் தேதி, பாஸ்டீல் சிறை வீழ்ந்த நாளைக் கொண்டாடப் பர்மிங்காமில் ஒரு விருந்து நடந்தது. பிரீஸ்ட்லி அதற்குச் செல்லவில்லை. ஆயினும் திருச்சபையும் அரசரும் வாழ்க என்று கூவிய கும்பல் முதலில் அவர் பிரசங்கித்த ஆலயத்தைக் கொளுத்திற்று. பின்பு அவர் இல்லத்தை நோக்கி நடந்தது. அவ்வேளை அவரும் மனைவியாரும் இராப்போசனம் முடித்துக் காய் உருட்டி ஆடிக்கொண்டிருந்தனர். செய்தி வந்ததும் உடுத்த உடையுடன் வெளியேறினர். வீடும், நூல்நிலையமும், கையெழுத்துப் பிரதிகளும், ஆராய்ச்சிக் கருவிகளும் அழிந்தன. கலகம் நான்கு நாள் நீடித்தது. பின்னர் அவர் கோரிய நஷ்டஈடு சுமார் 3,628 பவுன்; கிடைத்தது சுமார் 2,502 பவுன். பல்லாண்டு எழுதிய ஏடுகளுக்கு எந்த நியாயஸ்தலம் விலை கூறவல்லது?

இதனை அடுத்து அவர் ஓடிவிட்டார் என்றே பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. லண்டனை அடுத்த ஹாக்னியில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் தங்கிப் பிரசங்கமும் ஆராய்ச்சியும் நடத்தினார். தீயினும் கொடியதொன்று அங்கேதான் அவரைச் சுட்டது. ராயல் சொசைட்டியின் சகாக்கள் அவரைக் கண்டால் விலகினர். அவரும் அங்குச் செல்வதை நிறுத்தினார். 1792-இல் பிரான்சு தேசத்தார் அவருக்குக் குடியுரிமை வழங்கிப் பெருமைப்படுத்தினர். அடுத்த ஆண்டு இரு நாடுகட்கும் யுத்தம் மூளவே, அப்பெருமையே பழியாயிற்று. எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் பெயரைத் தாங்கியமையால் புதல்வர் மூவர்க்கும் உள்நாட்டில் தக்க தொழில் வாய்ப்பது அரிதாயிற்று. 1793-இல் புதல்வர் அமெரிக்கா சென்றனர். 1794 ஏப்ரலில் பிரீஸ்ட்லியும் மனைவி மேரி அம்மையாரும் சாம்சன் என்னும் கப்பலில் ஏறினர்.

கடலில் ஏறத்தாழ எட்டு வாரம் கழிந்தது. அந்நாட்களுள் ஒன்றாகிய மே 8-ஆம் தேதி, பிராணவாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயரிட்ட லவாய்சியேயைப் பாரிஸ் நகரில் புரட்சிக்காரர் சிரச்சேதம் செய்தனர். பிரீஸ்ட்லி நம்பிய பிரெஞ்சுப் புரட்சியின் கைவேலை அது.

ஜூன் 4-ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கியபோது மாநிலக் கவர்னர் முதலானோர் வரவேற்றனர். சங்கங்கள் உபசாரப் பத்திரங்கள் வாசித்தளித்தன. ஆனால் அவ்வுபசாரமே வினையாயிற்று. வாசித்தவர்கள் அந்நாட்டு அரசியலில் ஒரு கட்சியார்; ஆகவே மற்றக் கட்சியார் அவரைச் சந்தேகித்தனர். அவ்வாண்டிலேயே வில்லியம் காபெட் என்பவர் பிரீஸ்ட்லியின் வருகையை இகழ்ந்து ஒரு துண்டுநூல் வெளியிட்டார். இக்காபெட்டும் ஆங்கிலேயரே, மேலதிகாரிகளின் ஊழலை வெளியிட முயன்று, ஆபத்துக்கு அஞ்சிச் சொந்த நாட்டை விட்டு வந்தவர். 1817-இலும் அவ்வாறே மற்றொருமுறை அமெரிக்காவுக்கு ஓடிவந்தார். விதியின் விளையாட்டு இருந்தவாறு என்னே!

பிரீஸ்ட்லி குடியமர்ந்த இடம் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா ஆற்றின் இரு கிளைகள் கூடும் நார்தம்பர்லாந்து என்னும் சிற்றூர். பிலடெல்பியா அக்காலத்துத் தலைநகரம்; அங்கே 1793-இல் மஞ்சட்காய்ச்சலால் சுமார் 5,000 பேர் மாண்டிருந்தனர். அவருடைய ஆப்த நண்பரும் அந்நகரவாசியுமாகிய பிராங்க்லின் 1790-இலேயே காலமாகிவிட்டார். மேரி அம்மையாரும் நகரவாசத்தை விரும்பவில்லை. அன்றியும், புதல்வரும் தாமஸ் கூப்பர் என்ற நண்பரும் ஒரு பெருந்திட்டம் வகுத்திருந்தனர். சஸ்குவஹானாப் பகுதியில் 3 லட்சம் ஏக்கர் நிலம் கொண்டு, மனங்கசந்த ஆங்கில மாற்றுச்சபையார் அனைவரையும் அங்கே குடியேற்றுவது என்பதே அத்திட்டம். ஒத்த கருத்தினர், ஒத்த வழிபாட்டினர் ஓரிடத்தே வாழும் ஊர்! கோல்ரிட்ஜ், சௌத்தி என்னும் இளங்கவிஞர்களும் அதே ஆற்றங்கரையில் பொதுவுடைமை ஊர் ஒன்று அமைக்கக் கனாக் கண்டனர்; அவர்கள் கப்பலேறவேயில்லை.

வருவோம் என்ற குடும்பங்களும் வரவில்லை. கூட்டங்களில் ஆவேசமாய்ப் பேசுவது ஒன்று. கடையையும் பட்டறையையும் விற்றுக் காட்டு நிலம் வாங்குவது மற்றொன்று. அவ்வாண்டின் இறுதியில், ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்ற ஆங்கிலச் சீர்திருத்தக்காரர்களை லண்டன் ஜூரிகள் விடுதலை செய்தனர். நாட்டிலிருந்தோர்க்குத் துணிவு சிறிது மீண்டது. நிலத்திட்டம் கைவிடப்பட்டது. ஊரார்க்காக முன்சென்ற பிரீஸ்ட்லி, ஊரில்லாத இடத்தில் தனியராய் நின்றார். பிலடெல்பியாவிலிருந்து அவ்வூர்க்குக் கரடுமுரடான வழியில் சுமார் ஐந்து நாட்பயணம். வேலையாட்கள் கிடைப்பதரிது. லண்டன் புத்தகங்களும் கருவிகளும் பல மாதம் கழித்தே வந்து சேரும். 1794-இல் பென்சில்வேனியா சர்வகலாசாலையார் இரசாயன ஆசிரியர் பதவியை அளிக்க முன்வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. புதல்வரை விட்டகல மனமில்லை.

1795 டிசம்பரில் இளைய புதல்வர் ஹென்றி காய்ச்சல் கண்டு மரித்தார். வயது 18. காட்டைத் திருத்தித் தம் கையாலேயே பயிர்செய்து வந்தவர் அவர். மேரி அம்மையார் புதிய வீட்டிற்குத் தாமே திட்டம் வகுத்து ஆவலுடன் இருந்தார். 1796 செப்டம்பரில், வீடு முடியுமுன் அவரும் மறைந்தார். 1798-இல் அம்மரவீடு நூல்நிலையமும் ஆராய்ச்சிக்கூடமும் கொண்டு எழுந்தது. அதிற் குடிபுகுந்தவர் மனைவியை இழந்த முதியவர். நாடு துறப்போரின் சரித்திரங்களில் தலைவனது கொள்கையைப் பற்றியே ஏடுகள் நிரம்புகின்றன. அக்கொள்கைக்காகக் கடல் கடந்த மனைவியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதுவாரில்லை.

எந்த அரசியலை வெறுத்து வந்தாரோ அவ்வரசியல் அங்கும் தொடர்ந்தது. 1798-இல் அமெரிக்கக் காங்கிரஸ், ஆபத்தானவர் என்று கருதும் அந்நியரை நாடுகடத்த ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்கும் சட்டத்தையும், அரசாங்கத்தை அவதூறாய் எழுதுவோரைத் தண்டிக்கும் சட்டத்தையும் இயற்றிற்று. பிரீஸ்ட்லி அமெரிக்கப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளாதவர். ஆங்கிலேயனாகவே சாவேன் என்ற உறுதியினர். ராஜாங்க மந்திரி பிக்கரிங் அவரை நாடுகடத்த விரும்பினார். ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் முன்பு பிலடெல்பியாவில் அவர் பிரசங்கங்களைக் கேட்டு மகிழ்ந்தவர். பிரீஸ்ட்லிக்கு அத்தனை செல்வாக்கு இல்லை என்று கூறி விட்டுவிட்டார். காப்பாற்றிய சொல்லே இழிவான சொல்லாகவும் இருந்தது. கூப்பர் தப்பவில்லை. 1800-இல் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 400 டாலர் அபராதமும் விதித்தனர்.

எனினும் ஒரு வேற்றுமையை மறைத்தல் நியாயமன்று. அங்கே அவரைத் தூற்றினர், வீட்டைக் கொளுத்தவில்லை. 1801-இல் ஜனாதிபதியான ஜெபர்சன், முந்திய ஆட்சியார் இழைத்த அவமதிப்புக்கு வருந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் பகையாத அரசாங்கத்தின் கீழ் வாழும் பேறு அவர்க்கு 68-ஆம் வயதில் வாய்த்தது. அப்பேறு மூன்றாண்டுகட்கும் குறைந்த காலமே நீடித்தது. ஆராய்ச்சியும் நிற்கவில்லை. கரிப்புகையின் நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடு வாயுவை அவர் பிரித்தெடுத்தது அவ்வூர்க் கூடத்திலே. உலகமெல்லாம் கைவிட்ட பிளோஜிஸ்டன் கொள்கையை மட்டும் அவர் கடைசிவரை விட்டாரில்லை. அருகிருந்து வாதாடித் திருத்தச் சமமான இரசாயன வல்லுநர் ஒருவரும் அவ்வூரில் இலர்.

1804 பிப்ரவரி 6-ஆம் தேதி காலை, படுக்கையிலிருந்தபடியே தம் நூற்பிரதியில் சில திருத்தங்களைச் சொல்லி எழுதச்செய்து, சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். மனைவியும் இளைய புதல்வரும் அடங்கிய அவ்வூர் மண்ணிலேயே அவரையும் அடக்கம் செய்தனர். எஞ்சிய புதல்வருள் வில்லியம் தெற்கே லூசியானாவுக்குச் சென்றுவிட்டார். தந்தையின் பெயரைத் தாங்கிய மூத்தவர் ஜோசப் சில ஆண்டுகளில் இங்கிலாந்துக்கே திரும்பினார். பிரீஸ்ட்லி எதிர்த்துப் போராடிய அவ்விரு சட்டங்களையும் பார்லிமெண்டார் 1828-இல் நீக்கினர்.