உயிர்களுக்குப் பெயர் தந்த பேரறிஞர்

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருத்தல் மொழிக்கு வளம், அறிவியலுக்கோ இடர். ஓர் உயிரினம் நாட்டுக்கொரு பெயரால் வழங்கினால், ஒருவர் கண்ட உண்மை மற்றவரைச் சென்றடையாது. இவ்விடரைக் களைந்த பெருமகனார் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ்.

அவர் 1707 மே 23 அன்று ராஷுல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். கிறித்தவ சமயகுருவான தந்தையார் தோட்டக்கலையில் பெருவிருப்பினர். லிண்டன் மரத்தின் பெயரைத் தழுவியே லின்னேயஸ் என்னும் குடும்பப்பெயரைச் சூடிக்கொண்டவர். மைந்தர் மருத்துவம் பயின்றார். 1732-இல் லாப்லாந்தின் பனிநிலங்களில் அலைந்து ஆய்ந்தார். 1741-இல் உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அந்நாளில் ஓர் உயிரைக் குறிக்க நீண்ட இலத்தீன் தொடர்களே வழங்கின. லின்னேயஸ் இரு சொற்களே போதும் என்றார். முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். 1753-இல் ஏறத்தாழ 6000 தாவரங்களும், 1758-இல் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் விலங்குகளும் இவ்வாறு பெயர் பெற்றன. ஓநாய் 'கானிஸ் லூப்பஸ்' ஆயிற்று. நாய் 'கானிஸ் ஃபெமிலியாரிஸ்' ஆயிற்று. இரண்டும் ஒரே பேரினம். வால் வளைந்திருக்கும் பாங்கினைக் கொண்டு அவற்றை வேறு சிற்றினங்களாகப் பிரித்தார். நாய் பண்டைய ஓநாய்களின் வழித்தோன்றல் என்பதை இன்றைய மரபணு ஆய்வு காட்டுகிறது. ஆதலின் நாயை ஓநாயின் துணையினமாகவே கொள்வாரும் உளர். தனியினமாகக் கொள்வாரும் உளர்.

திருத்தத்திற்கு இடம் தருவதே அவர் முறையின் சிறப்பு. 1735-இல் மீன்களோடு சேர்த்த திமிங்கிலத்தை, 1758-இல் பாலூட்டிகளோடு அவரே சேர்த்தார். மனிதனையும் குரங்கினங்களோடு ஒரே வரிசையில் வைத்தார். ஆயினும் மாந்தரைக் கண்டமும் நிறமும் கொண்டு நான்காக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் குணமும் கற்பித்தது பெரும்பிழை. பிற்கால நிறவெறிக்கு அது துணைபோயிற்று. மாந்தர் அனைவரும் ஓரினமே என்பது இன்றைய அறிவியல் நிறுவிய உண்மை.

அவர்தம் மாணவர்கள் உலகெங்கும் சென்றனர், திரும்பாதோரும் உளர். ஃபோர்ஸ்கால் 1763-இல் ஏமன் நாட்டில் நோயுற்று மாண்டார். கோனிக் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தென்னாட்டுத் தாவரங்களைத் தொகுத்தார்.

லின்னேயஸ் 1778 ஜனவரி 10 அன்று மறைந்தார். அவர் வகுத்த பிரிவுகள் பல மாறின. இரு சொற்பெயர் முறையோ நிலைத்தது. பெயரிடுவது எளிது, பிழையெனக் கண்டவிடத்து இடம் மாற்றி வைப்பதே அறிவு. இவ்வுண்மையை மாணவமணிகள் நெஞ்சில் நிறுத்துவார்களாக!