பூச்சிக் கணக்குப் போட்ட பேரறிஞர்

திருவையாற்றுக்கு அருகே எங்கள் ஊரில் ஓராண்டு சம்பாப் பயிர் கதிர் வாங்கும் வேளையில் புகையான் விழுந்தது. பயிர் வட்ட வட்டமாய்த் தீய்ந்தது. என் தந்தையார் ஒரே மருந்தை மும்முறை அடித்தார். ஒவ்வொரு முறையும் பூச்சி குறைந்தது போலிருந்து, பின்னர் முன்னிலும் பெருகிற்று. ஆறு மா நிலத்தில் நெல் தேறவில்லை. வைக்கோலும் மாட்டுக்கு ஆகவில்லை. மருந்தில் கலப்படம் என்றே அவர் இறுதிவரை நம்பினார். விலங்கியல் பயில வந்து, ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞரின் வாழ்க்கையைப் படிக்கும் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஹால்டேன் 1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற உடலியல் அறிஞர். மைந்தரோ கல்லூரியில் கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் பயின்றவர். அறிவியலில் பட்டம் ஏதும் பெற்றவரல்லர். (மதிப்பெண்ணுக்கு அஞ்சும் நம் போன்றோர்க்கு இஃது ஓர் ஆறுதல்!)

இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பகுதியில் வெளிர்நிறப் புள்ளி அந்துப்பூச்சிகள் வாழ்ந்தன. 1848இல் அவற்றிடையே கரிய பூச்சி ஒன்று காணப்பட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. அவற்றில் அமர்ந்த வெளிர்ப்பூச்சி பறவைகளின் கண்ணுக்கு எளிதிற் பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அப்பகுதியில் ஏறக்குறைய எல்லாமே கரியவை ஆயின. 1924இல் ஹால்டேன் இதற்குக் கணக்குப் போட்டார். ஆண்டுக்கு ஒரு தலைமுறையே காணும் பூச்சி ஐம்பது ஆண்டில் இப்படி மாற வேண்டுமாயின், வெளிர்ப்பூச்சி இரண்டு வாரிசுகளை விட்டுச் செல்லுமிடத்துக் கரியது மூன்றை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று கண்டார். பரிணாமம் கோடி ஆண்டுக் கதை என்றிருந்தோர்க்கு, ஒரு மனிதனின் ஆயுளுக்குள்ளும் அது நிகழும் என்று காட்டிய கணக்கு அது.

புகையானுக்கோ தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதமே! மருந்துக்குத் தப்பிய சிலவற்றின் வாரிசுகள் வயலை நிரப்பும். அவற்றைத் தின்னும் சிலந்திகள் மருந்தில் மாண்டு போகும். எங்கள் வயலில் நடந்ததும் இதுவே என இன்று உணர்கிறேன். எடுத்துச் சொல்லத் தந்தையார் இல்லை.

1957இல் ஹால்டேன் துணைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். நம் நாட்டு உடை உடுத்தார், புலால் நீக்கினார், குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையென்று இந்திய மாணவர் ஆய்வைக் கைவிடலாகாது, பொறுமையாக எண்ணத் தெரிந்தால் போதும் என்பது அவர் கொள்கை. எஸ். கே. ராய் என்ற இளைஞர் அவரிடமிருந்து நெல் வகைகளைக் கலந்து நட்டு விளைச்சலை அளந்தார். ஸ்பர்வே அம்மையாரும் துரோணம்ராஜு, ஜெயகர் என்னும் மாணவர் இருவரும் ஒரே ஒரு மண்குளவிக் கூட்டை ஆராய்ந்து 1964இல் நீண்ட கட்டுரை வெளியிட்டனர். அக்குளவியின் அறிவியற் பெயரில் மதராசபட்டினமே இருக்கிறது! குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று எங்கள் பாட்டி சொல்வார். இத்தகைய கூட்டில் தாய்க்குளவி அடைத்து வைப்பது மயங்கிய சிலந்திகளை; அவற்றைத் தின்று வளரும் புழு அதன் சொந்த மகவு. இதைப் படித்த பின் எங்கள் வீட்டு உத்தரத்துக் கூட்டை ஒட்டடைக் கம்பால் தட்ட எனக்கு மனம் வரவில்லை.

1962இல் புவனேசுவரம் சென்று ஆய்வகம் அமைத்த ஹால்டேன், 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் பயில்வதற்காக அளிக்கப்பட்டது.