வெடித்த நட்சத்திரத்தைப் படம் பிடிக்கும் ‘சந்திரா’: அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்?

நவம்பர் மாதம் இரவு 9 மணி வாக்கில், தனுஷ்கோடி கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். ஆங்கில ‘எம்’ எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரங்கள் தெரியும். அதுதான் காசியோப்பியா. அந்தத் திசையில், சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில், வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் இன்னும் ஒளிர்கிறது. பெயர் ‘காசியோப்பியா ஏ’. வெறும் கண்ணுக்குச் சிக்காது. அதை 1999-ல் துல்லியமாகப் படம் பிடித்தது நாசாவின் ‘சந்திரா’ விண்வெளித் தொலைநோக்கி.

யார் இந்த சந்திரா?

சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தவர். நோபல் பரிசு பெற்ற சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா. படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். 1930-ல், 19 வயதில், மேல்படிப்புக்காக கேம்பிரிட்ஜ் கிளம்பினார். கப்பல் பயணத்தில் சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டார்.

அப்படி என்ன கணக்கு?

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி ‘வெண்குள்ளன்’ ஆகி அமைதியாகிவிடும் என்றுதான் அப்போது நம்பினார்கள். எல்லா நட்சத்திரமும் அப்படி முடியாது என்றது இவர் கணக்கு. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறையைத் தாண்டினால் அந்த நிலை தாங்காது. இதுதான் ‘சந்திரசேகர் எல்லை’.

ஏன் ஏற்கவில்லை?

1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்த ஆர்தர் எடிங்டன், அந்த முடிவே அபத்தம் என்று கேலி செய்தார். எடிங்டன் அன்றைக்கு வானியலின் பெரிய கை. வெளிப்படையாக எதிர்த்துப் பேச யாரும் வரலை. 24 வயது இளைஞருக்கு அது பெரிய அடி. ஆனாலும் சண்டையை வளர்க்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1939-ல் புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். 1983-ல் நோபல் வந்தது. கப்பல் ஏறி 53 வருஷம் கழித்து!

படம் எப்படி எடுக்கிறார்கள்?

வெடிப்பில் சிதறிய வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் எக்ஸ் கதிர்களை வீசும். நம் வளிமண்டலம் அதைத் தடுத்துவிடும். அதனால்தான் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள். எக்ஸ் கதிருக்கு நிறம் கிடையாது. படத்தில் நாம் பார்ப்பது, ஆற்றலுக்கு ஏற்ப விஞ்ஞானிகள் கொடுக்கும் வண்ணம்.

1995 ஆகஸ்ட் 21-ல் சந்திரசேகர் காலமானார். நான்கு வருஷம் கழித்து வெளியான ‘சந்திரா’வின் முதல் படங்களில் ஒன்றுதான் காசியோப்பியா ஏ. அதன் நடுவில் ஒரு சின்னப் புள்ளி. எல்லையைத் தாண்டி இடிந்து விழுந்த நட்சத்திரத்தின் மையம் அது. அன்று அபத்தம் என்று ஒதுக்கப்பட்ட கணக்குக்கு, அவர் பெயர் தாங்கிய கருவியே எடுத்துக் கொடுத்த சாட்சி.