தெனாலிராமன் கார்ட்டூன்: குழந்தைக்குப் பானை, பெரியவங்களுக்கு வேற மேட்டர்!

தி.நகரோ அடையாறோ, லீவு நாளில் டிவியில் தெனாலிராமன் ஓடினால் குழந்தையோடு சேர்ந்து அப்பாவும் சிரிப்பார். ஏன்?

16-ம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர் தெனாலி ராமகிருஷ்ணன். 'பாண்டுரங்க மாஹாத்மியம்' என்ற பக்திக் காவியம் எழுதியவர். ஆனா மக்கள் மனசில் நின்றது, விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509-1529) சபையின் விகடகவியாகத்தான். 1956-ல் சிவாஜி நடித்த சினிமா, 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க் தொடர் என இன்னும் நம்மோடு இருக்கிறார்.

செவிவழிக் கதை ஒன்று. இனி முகத்தையே காட்டக் கூடாது என்று ராஜா கோபப்பட, மறுநாள் தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு சபைக்கு வந்தார். குழந்தைக்கு அது பானை காமெடி. ஆபீஸ் போகிறவருக்குத் தெரியும், உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியே மேலிடத்தைக் கலாய்க்கும் வித்தை அது.

இன்னொன்று, 'திலகாஷ்ட மகிஷ பந்தனம்'. அப்படியொரு நூலா என்று மிரண்ட வெளியூர்ப் பண்டிதர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார். துணியைப் பிரித்தால் உள்ளே இருந்தது, எருமை கட்டும் கயிற்றால் கட்டிய எள்ளுக் குச்சிகள்! பெரிய பேரைக் கேட்டாலே தலையாட்டும் படிப்பாளிகளுக்கு வைத்த குட்டு இது.

ராஜாவை நேரடியாக விமர்சித்தால் தலை போகும் காலம். சிரிக்க வைத்துச் சொன்னதால்தான் தெனாலிராமன் தலை தப்பியது. அடுத்த முறை குழந்தையோடு பார்க்கும்போது, பானைக்குள் இருக்கும் ஆளையும் கவனியுங்க.