விளக்கைத் தவிர

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும், கையில் விளக்கோடு நோயாளரின் கட்டில்களுக்கிடையே நடந்து செல்லும் பெண்ணின் படம்தான் நம் கண்முன் வரும். சின்ன வகுப்பிலிருந்தே நானும் அந்தப் படத்தைப் பார்த்து வருகிறேன். ஆனால் அவரது வரலாற்றை விரிவாக வாசித்தபோது என்னைக் கவர்ந்தது வேறொன்று. தம்மை விரும்பாத அதிகாரிகள் நிறைந்த இடத்தில் அவர் எப்படி வேலை செய்தார் என்பதே அது.

அவர் 1820 இல் வசதியான ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். தாதித் தொழிலுக்குப் போக வீட்டாரைச் சம்மதிக்க வைக்கவே பல ஆண்டுகள் சென்றன. (இதை வாசிக்கும் பெற்றோருக்குச் சிரிப்பு வரலாம்.)

1854 நவம்பரில், கிரிமியப் போர் நடந்துகொண்டிருக்கையில், 38 தாதியருடன் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதிக்கு வந்தார். அங்கே துருக்கியரின் பெரிய படைமுகாமொன்று பிரித்தானிய இராணுவத்தின் வைத்தியசாலையாக இயங்கியது. அவரை அனுப்பியவர் அமைச்சர் சிட்னி ஹேர்பேர்ட். இருந்தும் இராணுவ வைத்தியர்களுக்கு அவரது வரவு பிடிக்கவில்லை.

அமைச்சரின் கடிதத்தைக் காட்டி அவர் உள்ளே நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. வைத்தியர் கேட்காமல் எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று தம் தாதியருக்குக் கட்டளையிட்டார். காயப்பட்டவர்கள் வேதனையில் கிடக்க, தாதியர் ஓர் அறையில் இருந்து துணி தைத்தார்கள். அவர்களில் சிலருக்கே இது பொறுக்கவில்லை. வாசிக்கும்போது எனக்கும் கோபம்தான் வந்தது. சில நாட்களில் இன்கர்மன் போரில் காயப்பட்டவர்கள் கப்பல்களில் வந்து குவிந்தனர். சமாளிக்க ஆளில்லாமல் வைத்தியர்களே உதவி கேட்டு வந்தார்கள். கேட்டு எடுத்த உதவியை வேண்டாமென்று திருப்பி அனுப்புவது யாருக்கும் இலகுவல்லவே!

பண்டசாலை விதிகளோ இன்னும் மோசம். சாமான்கள் வந்து கிடந்தாலும் உரிய கையொப்பங்கள் இல்லாமல் வெளியே வராது. அவர் விதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. பத்திரிகை வாசகர்கள் சேர்த்து அனுப்பிய நிதியிலும் தம் சொந்தப் பணத்திலும் இஸ்தான்புல் கடைகளில் வேண்டியதை வாங்கினார்.

அப்படியிருந்தும் மரணம் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழு வைத்தியசாலையின் கழிவுக் கால்வாய்களைச் சுத்தம் செய்த பின்னரே மரணம் வெகுவாகக் குறைந்தது. நாடு திரும்பிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, காயத்தைவிட நோயே கூடுதலான வீரர்களைக் கொன்றது என்பதை அவர் தெளிவாகக் கண்டார்.

அதன்பின் அவரது போராட்டம் லண்டன் அலுவலகங்களில் நடந்தது. 1856 இல் விக்டோரியா மகாராணியைச் சந்தித்து விசாரணை ஆணைக்குழு ஒன்றைக் கேட்டார். யுத்த அமைச்சர் பன்மியூர் பிரபு சம்மதித்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தார். இனியும் தாமதித்தால் தாம் கண்டதையெல்லாம் அச்சிட்டு வெளியிடுவதாக நைட்டிங்கேல் அறிவித்தார். 1857 மேயில் ஆணைக்குழு அமைந்தது.

பெண் என்பதால் அதில் அவருக்கு இடமில்லை. தலைவராக அமர்ந்தவர் அதே ஹேர்பேர்ட். சாட்சிகளிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவருக்கு எழுதிக் கொடுத்தவர் நைட்டிங்கேல். எண்களைப் படிக்க மந்திரிமாருக்குப் பொறுமை இருக்காதென்று, இறப்புக் கணக்கை நிறந்தீட்டிய வட்ட வரைபடமாகவும் வரைந்தார். என் கணிதப் புத்தகத்திலுள்ள வட்ட வரைபைப் பார்க்கும்போது இப்போது அவர் நினைவுதான் வருகிறது.

1860 இல் சதாம் நகரில் இராணுவ மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. அது ஆணைக்குழுவின் சிபாரிசுகளில் ஒன்று. ஆணைக்குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலில் நைட்டிங்கேலின் பெயர் இல்லை.